சாப்பாட்டு அரை மணி

தமிழில் ‘வெட்டி’ என்று ஒரு சொல் இருக்கிறது. வேலை வெட்டி இல்லாதவன், வெட்டிப் பேச்சு, வெட்டிச் செலவு என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்கிறோம். சோழர் காலக் கல்வெட்டுகளில் இதே சொல் வேறொரு பொருளில் வருகிறது. அங்கே வெட்டி என்றால் கூலி இல்லாமல் செய்து கொடுத்தே ஆக வேண்டிய உழைப்பு. கடமை, குடிமை போன்ற பெயர்களோடு சேர்ந்து அதுவும் ஒரு வரியாக நிற்கிறது. நெல்லாகக் கொடுப்பது ஒரு வரி என்றால், உடம்பால் கொடுப்பது இன்னொரு வரி. கூலியில்லாத உழைப்புக்கும், பிரயோசனமில்லாதது என்று இன்று நாம் சொல்லும் பொருளுக்கும் உறவு இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. காசு வராத வேலை வேலையே இல்லை என்று யாரோ எப்போதோ முடிவு கட்டியிருக்கிறார்கள். செய்தவரைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் கோவைக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் பதினான்கு வருடம் டைம் ஆபீஸில் இருந்தேன். மில்லின் பெயர் வேண்டாம். அந்தப் பக்கம் எந்த மில்லில் வேலை பார்த்தவரும் இதைத் தன் மில் என்றே நினைத்துக்கொள்ளலாம். டைம் ஆபீஸ் என்பது கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல் வைத்த அறை. யார் எத்தனை மணிக்கு வந்தார், எப்போது போனார், யாருக்கு எத்தனை நாள் சம்பளம், யாருக்கு எவ்வளவு ஓ.டி. எல்லாம் அங்கேதான் எழுதப்படும். முதலில் அட்டை இருந்தது, பிறகு விரல் ரேகை மெஷின் வந்தது. நேரம் என்றால் என்ன என்று யோசிக்கத் தத்துவப் புத்தகம் எதுவும் தேவையில்லை. மாதக் கடைசியில் நானூறு பேருடைய நிமிடங்களை ரூபாயாக மாற்றுகிற நாற்காலியில் உட்கார்ந்தால் போதும்.

அங்கே உட்கார்ந்து நான் யோசித்த கேள்வி இதுதான். சம்பளம் இல்லாத நேரம் யாருடையது? ‘அது தொழிலாளியுடையது’ என்று எல்லோரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். சொல்வது சுலபம்.

*

பகல் ஷிப்ட் காலை எட்டு மணி முதல் மாலை நாலரை மணி வரை. மொத்தம் எட்டரை மணி நேரம். அதில் அரை மணி சாப்பாட்டுக்கு. சம்பளம் எட்டு மணி நேரத்துக்கு. காகிதத்தில் பார்த்தால் குறையே இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் எங்களுக்கு வேதம் மாதிரி. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் குறைந்தது அரை மணி ஓய்வு வேண்டும் என்று அதன் 55ஆம் பிரிவு சொன்னது. அந்த அரை மணிக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அது தொழிலாளியின் சொந்த நேரம் என்பது கணக்கு.

ஆனால் ரிங் ஃபிரேம் சாப்பாட்டுக்காக நிற்காது. ஆயிரம் கதிர்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கேயாவது ஓர் இழை அறுந்துகொண்டே இருக்கும். அறுந்ததை எடுத்து ஒட்ட ஆள் வேண்டும். அதனால் எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிடப் போக முடியாது. முறை வைத்துத்தான் போக வேண்டும். ஒருத்தர் போனால் அவருடைய மெஷினை இன்னொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கென்று ரிலீவர் என்று ஓர் ஆள் உண்டு. அந்த ரிலீவர் வராத நாளில் என்ன ஆகும் என்று ஸ்பின்னிங்கில் சைடராக இருந்த ஓர் அக்கா ஒருமுறை என்னிடம் சொன்னார்: “சாப்பாடு எங்கீங்க சார் சாப்பிடறது? நின்ன வாக்குல நாலு வாய் போட்டுட்டு ஓடியாந்துருவோம். கையைக்கூட மெஷின்கிட்ட வந்துதான் தொடைப்போம்.”

ரிலீவர் வராத நாட்கள் வந்த நாட்களைவிட அதிகமாகிக்கொண்டே போயின. ஆள் குறைப்பு என்று யாரும் அறிவிக்கவில்லை. அது தானாக வழக்கமாயிற்று. டைம் ஆபீஸ் பதிவேட்டில் மட்டும் 12.00 முதல் 12.30 வரை இடைவேளை என்று தினமும் ஒரே மாதிரி விழுந்துகொண்டிருந்தது. மெஷின் அதை எழுதவில்லை. சாப்பாட்டுக்கு யாரும் விரல் வைப்பதில்லை. சாஃப்ட்வேரில் அரை மணி கழித்துவிடும்படி முன்கூட்டியே அமைத்திருந்தார்கள். சாப்பிட்டாலும் கழியும், சாப்பிடாவிட்டாலும் கழியும்.

இதில் போகிற நேரம் எவ்வளவு என்று ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் என்று வையுங்கள். மாதம் இருபத்தாறு நாள் வேலைக்கு ஆறரை மணி நேரம். வருடத்துக்கு எழுபத்தெட்டு மணி நேரம், அதாவது கிட்டத்தட்டப் பத்து நாள் வேலை. நானூறு பேருக்குப் பெருக்கினால் 31,200 மணி நேரம். அதை எட்டால் வகுத்தால் 3,900 ஆள்-நாள். வருடத்துக்கு முந்நூறு நாள் வேலை என்று வைத்தால், பதின்மூன்று பேர் வருடம் முழுக்கச் சம்பளமே வாங்காமல் வேலை செய்ததற்குச் சமம். அந்தப் பதின்மூன்று பேரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. அவர்கள் நானூறு பேருடைய சோற்று வாளிக்குள் ஒளிந்திருந்தார்கள்.

*

இதைப் பற்றிப் பேச்சு வந்தபோதெல்லாம் எனக்கு மூன்று பதில்கள் கிடைத்தன. மூன்றும் கெட்ட எண்ணத்தில் சொல்லப்பட்டவை அல்ல. அதனால்தான் அவற்றை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் பதில், ‘பத்து நிமிஷம்தானே.’ இதற்குக் கணக்கே பதில். ஆனால் கணக்கைவிட முக்கியமான ஒன்று உண்டு. பத்து நிமிடம் அற்பம் என்றால் இரண்டு பக்கமும் அற்பமாக இருக்க வேண்டும். எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு உள்ளே வந்தவருக்கு எங்கள் மில்லில் அரை மணி சம்பளம் பிடிப்பார்கள். நாலே முக்காலுக்கு வெளியே போனவருக்கு அந்தக் கால் மணி எங்கும் ஏறாது. 1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்தின்படி, வராத நேரத்துக்கு மட்டுமே, அந்த நேரத்தின் விகிதத்தில்தான் சம்பளம் பிடிக்க அனுமதி இருந்தது. நான் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு மேலே ஒரு குறிப்பு அனுப்பினேன். ‘பார்க்கலாம்’ என்று பதில் வந்தது. என் கேள்வி சட்டத்தைப் பற்றி மட்டுமல்ல. ஒரே ஐந்து நிமிடம் முதலாளியிடமிருந்து போனால் திருட்டாகவும், தொழிலாளியிடமிருந்து போனால் சில்லறையாகவும் எப்படி மாறுகிறது?

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இதே விளையாட்டு நடந்தது. அங்கே தொழிற்சாலை ஆய்வாளர்கள் எழுதிய அறிக்கைகளை வைத்துத்தான் மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலில் வேலைநாள் பற்றிய நீண்ட அத்தியாயத்தை எழுதினார். காலையில் ஐந்து நிமிடம் முன்னால் தொடங்குவது, சாப்பாட்டில் முன்னும் பின்னும் கொஞ்சம் கொறிப்பது, மாலையில் கொஞ்சம் இழுப்பது என்று ஆய்வாளர்கள் நிமிடம் நிமிடமாகக் குறித்து வைத்திருந்தார்கள். சென்னைக்கும் இது புதிதல்ல. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, பக்கிங்காம் கர்நாடிக் மில் தொழிலாளர்களின் முதல் குறைகளில் ஒன்று மதிய உணவு இடைவேளை போதவில்லை என்பது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சங்கத்தின் பின்னால் ஒரு சோற்றுப் பிரச்சினை இருந்தது. இதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

*

இரண்டாவது பதில், ‘யாரும் கட்டாயப்படுத்தலையே.’ உண்மைதான். எங்கள் சூப்பர்வைசர் யாரையும் சாப்பிடாதே என்று சொன்னதில்லை. இழை அறுந்தால் கழிவு ஏறும், கழிவு ஏறினால் கேள்வி வரும், கேள்வி வந்தால் அடுத்த மாதம் நல்ல மெஷின் கிடைக்காது. இவ்வளவுதான். இதில் கட்டாயம் எங்கே இருக்கிறது?

நம் உச்ச நீதிமன்றம் 1982இல் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொன்னது. ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக டெல்லியில் கட்டடம் கட்டிய தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை என்று மக்கள் ஜனநாயக உரிமைச் சங்கம் தொடுத்த வழக்கு அது. அரசியலமைப்பின் 23ஆம் கூறு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. கட்டாயம் என்றால் சாட்டை மட்டும்தானா? இல்லை, வேறு வழியில்லாத வறுமையும் கட்டாயம்தான். குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக ஒருவர் வேலை செய்கிறார் என்றால் ஏதோ ஒரு நிர்ப்பந்தம் அவரைத் தள்ளுகிறது என்றே கொள்ள வேண்டும் என்று நீதிபதி பகவதி வழங்கிய தீர்ப்பு சொன்னது. பசியை நிர்ப்பந்தமாகச் சட்டம் ஒப்புக்கொண்ட இடம் அது.

எங்கள் சைடர் அக்காவுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைத்தது. அவர் பட்டினி கிடந்தவர் இல்லை. ஆனாலும் அந்தத் தீர்ப்பின் தர்க்கம் அவருக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். ‘சம்மதம்’ என்ற சொல்லுக்குப் பொருள் இருக்க வேண்டுமானால் ‘மாட்டேன்’ என்ற சொல் செலவில்லாமல் கிடைக்க வேண்டும். மாட்டேன் என்று சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டு சொல்லும் சரிக்கு நாம் வேறு ஏதாவது பெயர் வைக்கலாம்.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி இன்னும் வினோதமாக வந்தது. நெவாடா மாநிலத்தில் அமேசான் கிடங்குகளில் ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர்கள், ஷிப்ட் முடிந்து நேரம் பதிந்த பிறகு, எதையும் திருடவில்லை என்று நிரூபிக்கச் சோதனை வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. தினமும் சுமார் இருபத்தைந்து நிமிடம் அதில் போகிறது என்பது அவர்கள் வாதம். 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நேரத்துக்குக் கூலி இல்லை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. காரணம், சோதனை வரிசையில் நிற்பது அவர்களுடைய வேலையின் பிரிக்க முடியாத பகுதி அல்ல. அவர்களை வேலைக்கு வைத்தது பெட்டி எடுக்க, வரிசையில் நிற்க அல்ல. அதே நாட்டில் 1956இல், பேட்டரி தொழிற்சாலையில் ரசாயனத்தில் புழங்கியவர்கள் உடை மாற்றிக் குளிக்கும் நேரம் வேலை நேரமே என்று அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஈய விஷத்தோடு வீட்டுக்குப் போக முடியாது அல்லவா?

2020இல் கலிஃபோர்னியா மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், ஆப்பிள் கடை ஊழியர்களின் பைகளைச் சோதிக்கும் நேரத்துக்குக் கூலி உண்டு என்றது. அங்கே மாநிலச் சட்டம் கேட்கும் கேள்வி வேறு: அந்த நேரத்தில் அந்த ஆள் யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தார்? முதல் நீதிமன்றம் வேலையைப் பார்த்தது. இரண்டாவது நீதிமன்றம் ஆளைப் பார்த்தது. ‘இது வேலையா?’ என்று கேட்டால் வாதாட ஆயிரம் வழி உண்டு. ‘அவர் எழுந்து போயிருக்க முடியுமா?’ என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒரே வார்த்தையில் வந்துவிடும். சட்டம் எதைக் கேட்டாலும் சரி, அறம் கேட்க வேண்டியது இரண்டாவது கேள்வியைத்தான்.

*

மூன்றாவது பதில்தான் எனக்குக் கஷ்டமானது. ‘நம்ம கம்பெனிதானேப்பா. எல்லாத்துக்கும் கணக்குப் பார்த்தா குடும்பம் நடக்குமா?’

இதில் உண்மை இருக்கிறது. ஒரு வருடம் ப்ளோ ரூமில் பஞ்சு தீப்பிடித்தது. சாப்பாட்டு நேரம். கேன்டீனில் இருந்தவர்கள் எச்சில் கையோடு ஓடினார்கள். வாளி, மணல், தண்ணீர்க் குழாய் என்று ஒரு மணி நேரம் போராடினார்கள். ஷிப்ட் முடிந்து கேட்டைத் தாண்டியிருந்தவர்களும் திரும்பி வந்தார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒருவர்கூட ஓ.டி. கேட்டு என் ஜன்னலுக்கு வரவில்லை. கேட்டிருந்தால் அவர்களுக்கே அசிங்கமாக இருந்திருக்கும். மனிதர்கள் நிமிடத்தை எண்ணாமல் கொடுக்கக் கூடியவர்கள். வாத்தியார்கள், நர்ஸ்கள், வீட்டில் அம்மாக்கள் எல்லோரும் அப்படிக் கொடுத்துத்தான் உலகம் நடக்கிறது. எல்லா நிமிடத்துக்கும் விலைச் சீட்டு ஒட்டிவிட்டால் ஏதோ ஒன்று செத்துவிடும் என்ற பயம் நியாயமானது.

பிட்டுக்கு மண் சுமந்த கதையை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். வைகை கரை உடைக்கிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று பாண்டியன் ஆணை. வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. ஆனால் அவள் பங்குக்கும் விலக்கு இல்லை. சிவன் உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசி வருகிறான், சாப்பிடுகிறான், ஆடிப்பாடுகிறான், தூங்கிப் போகிறான். பிரம்படி விழுகிறது. அந்த அடி ராஜா உட்பட எல்லோர் முதுகிலும் படுகிறது. கதையை நாம் பக்தியாகக் கேட்டுப் பழகியிருக்கிறோம். எனக்கு அதில் இரண்டு விஷயம் தெரிகிறது. வெள்ளம் என்றால் எல்லோரும் போகத்தான் வேண்டும். அதில் தகராறு இல்லை. ஆனால் அந்த வெள்ளத்தின் நடுவிலும் கிழவி தன் ஆளுக்குக் கூலி பேசினாள். ஒன்றும் இல்லாதவளுக்கும் சும்மா வேலை வாங்கக் கூடாது என்று தெரிந்திருந்தது.

தீயும் வெள்ளமும் தினமும் வருவதில்லை. எங்கள் மில்லில் தீ அணைந்த பிறகு நடந்தது வேறு. ரிலீவர் இல்லை என்று யாராவது முனகினால், ‘அன்னைக்கு எல்லாரும் ஓடி வந்தீங்களே, அந்த மனசு எங்க போச்சு?’ என்ற பேச்சு வரத் தொடங்கியது. ஒரு முறை மனம் விரும்பிக் கொடுத்ததை அடுத்த முறை பாக்கியாகக் கேட்டார்கள். மொய் வைத்தவரிடம் மாதாமாதம் தவணை கேட்பதைப் போல. குடும்பம் என்று சொல்பவர் குடும்பத்தின் விதியையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். குடும்பத்தில் சோறு போதவில்லை என்றால் எல்லோருக்கும் குறையும். மில் நல்ல லாபம் பார்த்த வருடங்களில் அந்தப் பதின்மூன்று பேருக்கு யாரும் பங்கு கொடுக்கவில்லை.

ஆகவே கணக்குப் பார்ப்பது அன்புக்கு எதிரி என்று எனக்குத் தோன்றவில்லை. எது என்னுடையது என்று தெளிவாக இருந்தால்தான் அதை நான் கொடுத்தேன் என்று சொல்ல முடியும். பிடுங்கிக்கொண்ட பொருளுக்கு நன்றி சொல்வது எப்படி?

*

இவ்வளவு சொன்ன பிறகு, அந்தப் பதினைந்து நிமிடத்துக்குக் காசு கொடுத்துவிட்டால் விஷயம் முடிந்ததா என்று கேட்கலாம். முடியாது என்பது என் எண்ணம்.

சட்டம் ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் வைத்திருக்கிறது. பலர் அதை அதிக வேலைக்கான அதிக விலை என்று நினைக்கிறார்கள். எனக்கு அது வேலி. தாண்டினால் வலிக்க வேண்டும் என்பதற்காக வைத்தது. 2020இல் கொரோனாவைக் காரணம் காட்டி குஜராத் அரசு ஓர் அறிவிக்கை போட்டது. தொழிற்சாலைகளில் நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கலாம், கூடுதல் நேரத்துக்குச் சாதாரணச் சம்பளம் போதும் என்றது. உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு அக்டோபரில் அதை ரத்து செய்தது. பொருளாதார நெருக்கடியின் சுமையைத் தொழிலாளியின் முதுகில் மட்டும் ஏற்ற முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். தமிழ்நாட்டிலும் 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் சட்டத் திருத்தம் நிறைவேறி, எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்டது. இரண்டிலும் வேலியைத் தாழ்த்தப் பார்த்தார்கள்.

சாப்பாட்டு அரை மணி இன்னும் ஆழமான வேலி. அது போனால் காசால் திரும்பாது. நின்றுகொண்டு விழுங்கிய சோற்றை மாதக் கடைசியில் நூறு ரூபாய் கொடுத்து உட்கார்ந்து சாப்பிட்ட சோறாக மாற்ற முடியாது. ஷிப்ட் முடிந்து கால் மணி தாமதமானால் பஸ் போய்விடும். அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்து. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும். மில் எடுத்தது கால் மணி, அந்த அம்மாவிடமிருந்து போனது ஒண்ணே கால் மணி. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இந்த வித்தியாசத்துக்குக் கட்டம் கிடையாது. அதனால் முதலில் கேட்க வேண்டியது அந்த நேரத்தைத்தான். அது கிடைக்காத நாளில் மட்டுமே காசு. காசைக் கொடுத்து நேரத்தை நிரந்தரமாக வாங்கிவிடலாம் என்று விட்டால், ஏழையானவர் எப்போதும் விற்றுக்கொண்டே இருப்பார்.

இன்று மில் கேட்டுக்கு வெளியேயும் இந்தக் கதை வந்துவிட்டது. என் அண்ணன் மகள் ஒரு தனியார் அலுவலகத்தில் இருக்கிறாள். ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸப் குரூப்பில் மேலாளர் ஒரு கேள்வி போடுவார். பதில் போடு என்று சொல்ல மாட்டார். பார்த்துவிட்டாள் என்று இரண்டு நீல டிக் காட்டும். அவளுடைய ரிங் ஃபிரேம் அவள் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிரான்ஸ் 2017 முதலும் ஆஸ்திரேலியா 2024 முதலும் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைச் சட்டமாக்கியிருக்கின்றன. சட்டம் வந்தால் நல்லது. ஆனால் சட்டம் வருவதற்கு முன்னாலும் ஒன்று செய்யலாம். எழுதி வைக்கலாம். எத்தனை மணிக்கு அழைத்தார்கள், எவ்வளவு நேரம் போனது, சாப்பாட்டுக்கு எப்போது உட்கார்ந்தேன், எப்போது எழுந்தேன் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதலாம். டைம் ஆபீஸில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தகராறு என்று வந்துவிட்டால் நிறுவனத்தின் பதிவேடு ஒன்றுதான் மேஜைமேல் இருக்கும். அதற்குப் பக்கத்தில் வைக்க இன்னொரு நோட்டு இருந்தால் பேச்சின் தோரணையே மாறிவிடும்.

அண்ணன் மகளிடம் இதைச் சொன்னேன். “எழுதி என்ன சித்தப்பா ஆகப்போகுது, சண்டையா போட முடியும்?” என்றாள். சண்டை போட வேண்டாம், முதலில் எவ்வளவு போகிறது என்று நீ தெரிந்துகொள் என்றேன். ஒரு மாதம் எழுதினாள். கூட்டிப் பார்த்தபோது பத்தொன்பது மணி நேரம் வந்தது. அடுத்த வாரம் அதே நோட்டைத் தன்னோடு வேலை பார்க்கிற மூன்று பேரிடம் காட்டியிருக்கிறாள். அவர்களும் இப்போது எழுதுகிறார்கள்.